ரயில் பாலத்தின் அடியில் 36 விரல்கள்

அகிஹபாரா ரேடியோ சென்டருக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பி நின்று வழிவிட வேண்டும். அவ்வளவு ஒடுங்கிய நடை. இருபுறமும் கடைகள். ஓர் ஆள் முக்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எல்லாச் சரக்கும் எட்டிவிடும், கடையின் அளவே அதுதான். ஒருவர் சுவிட்ச் மட்டும் விற்கிறார், அடுத்தவர் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கடுத்தவர் கனெக்டர். தலைக்கு மேலே சோபு லைன் ரயில் கடக்கும்போதெல்லாம் தட்டுகளில் கிடக்கும் சிறு உதிரிகள் கிலுகிலுக்கின்றன. கடைக்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கனெக்டர் கடை முன்னால் நின்று, பையிலிருந்து ஒரு பழைய சர்க்யூட் போர்டை எடுத்து அதன் ஓரத்தைக் காட்டினேன். ஆர்மோனியக் கட்டைகள் போல வரிசையாகப் பொன்னிறத் தகடுகள். மேல்பக்கம் 18, கீழ்ப்பக்கம் 18. இந்தத் தொழிலில் அவற்றை விரல்கள் என்பார்கள். கடையிலிருந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. அளவுகோலை எடுத்து, ஒரு விரலை அளக்காமல் பத்து விரல்களின் தூரத்தை அளந்தார். 39.6 மில்லிமீட்டர். அப்படியானால் ஒன்றுக்கு 3.96. உள்ளே குனிந்து 36 முனை கொண்ட எட்ஜ் கனெக்டர் ஒன்றை எடுத்து வைத்தார். கொஞ்சம் யோசித்து, நான் கேட்காமலே, இன்னொரு பொருளையும் அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு சிறு அட்டை. அதன் ஓரத்தில் 56 விரல்கள்.

“ஜாம்மா?” என்றார்.

தலையாட்டினேன். என் ஜப்பானியப் பேச்சு அத்துடன் தீர்ந்தது. ஆனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்பது அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

போர்டு கிடைத்தது அதற்கு முந்தின நாள். அதே வட்டாரத்தில், பழைய ஆர்கேட் விளையாட்டுப் போர்டுகள் விற்கும் கடை ஒன்றில். ஜப்பானியர் இதை ‘கிபன்’ என்கிறார்கள். விளையாட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெட்டி, திரை, கைப்பிடி எல்லாமே வெறும் கூடுதான். விளையாட்டு குடியிருப்பது இந்தக் கிபனில். பெயர்பெற்ற போர்டுகள் கண்ணாடி அலமாரியில், பஞ்சுறை சுற்றி, விலைச்சீட்டுடன் இருந்தன. என்னுடையது தரையில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில், நான்கைந்து போர்டுகளோடு செங்குத்தாகச் செருகப்பட்டிருந்தது. பெட்டி மீது ‘ஜங்க்கு’ என்று எழுதியிருந்தது. போர்டைப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் கையெழுத்தில் ஐந்து எழுத்துகள். கடைப்பையனிடம் கேட்டேன். “தோசா மிகாகுனின்” என்று படித்துக் காட்டிவிட்டு, கைப்பேசியில் மொழிபெயர்த்தும் காட்டினான். ‘இயங்குகிறதா என்று உறுதி செய்யப்படவில்லை.’

ஏன் உறுதி செய்யவில்லை? அவன் போர்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி இரு கைகளையும் குறுக்கே வைத்தான். இதில் செருகுவதற்கு அவர்களிடம் ஹார்னஸ், அதாவது கம்பிக்கட்டு, இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. போர்டில் பழுது என்று எவரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் வாய்க்கவில்லை. நாற்பது வருடம் கழித்து அது குப்பைப் பெட்டியில் கிடப்பதற்குக் காரணம், அதன் 36 விரல்களில் எது எது என்று அறிந்த கம்பிக்கட்டு எங்கோ தொலைந்துபோனதுதான்.

*

கம்பிக்கட்டு எப்படித் தொலைகிறது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி விரல்களை வைத்தது. ஒன்றில் 36, ஒன்றில் 44. ஒருவர் முதல் விரலில் 5 வோல்ட் வைத்தால் இன்னொருவர் அங்கே ஒலிபெருக்கியை வைத்தார். ஒரே நிறுவனத்தின் இரண்டு விளையாட்டுகளே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்ததும் உண்டு. போர்டின் பெட்டிக்குள் அதற்குரிய கம்பிக்கட்டு இருக்கும். பெட்டியை உடைத்துப் போட்டால் கம்பியும் அதனுடன் போய்விடும். போர்டு மட்டும் மிஞ்சும்.

1985இல் ஜப்பான் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது ஒழுங்கை அறிவித்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஜாம்மா என்கிறார்கள். பக்கத்துக்கு 28 ஆக 56 விரல்கள். 1, 2 கிரவுண்ட். 3, 4 ஐந்து வோல்ட். 5 எதிர்மறை ஐந்து. 6 பன்னிரண்டு வோல்ட். 7இல் ஒன்றுமில்லை, அந்த இடத்தில் வெட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும், தலைகீழாக மாட்டாமல் இருக்க. பிறகு ஒலி, மூன்று நிறங்கள், நாணயம், இரண்டு ஆட்டக்காரர்களின் கைப்பிடிகள், பொத்தான்கள். கடைசியில் 27, 28 மறுபடியும் கிரவுண்ட். கீழ்ப்பக்கம் எண்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள்; குழப்பம் வராதிருக்க ஜி, ஐ, ஓ, க்யூ நான்கையும் விட்டுவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஓர் அழகு உண்டு. நான்கு மூலைகளிலும் கிரவுண்ட் இருப்பதால், யாராவது கனெக்டரைப் புரட்டி மாட்டினாலும் கிரவுண்ட் கிரவுண்டிலேயே போய் உட்காரும். தப்பு செய்தவனுக்கு அதனால் முழுக் காப்பு கிடைக்காது. 12 வோல்ட் கம்பி நேராக இரண்டாவது பொத்தானின் விரலுக்குப் போய், அந்த உள்ளீட்டு ஐ.சி.யைச் சுட்டுவிடும். அதற்குத்தான் 7ஆம் இடத்துப் பிளாஸ்டிக் துண்டு. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இந்த ஒழுங்கு வந்த பிறகு கடைக்காரர் பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகி, கண்ணாடிக்குக் கீழே விளக்க அட்டையை மாற்றினால் போதும், புது விளையாட்டு ஓடும். அதற்கு முன் பிறந்த போர்டுகளுக்குத்தான் அடாப்டர். ஒரு முனையில் போர்டின் பழைய விரல்களைக் கவ்வும் கனெக்டர், மறுமுனையில் ஜாம்மாவின் 56 விரல் அட்டை, நடுவில் கம்பிகள். ஜப்பானியர் இதை ‘ஹென்கான் ஹானெசு’ என்கிறார்கள், மாற்றுக் கம்பிக்கட்டு. செய்வதற்கு முப்பது கம்பிகளும் ஒரு மாலை நேரமும் போதும். எந்தக் கம்பி எங்கே என்று தெரிந்திருந்தால்.

*

போர்டு வாங்கிய அன்று மாலை ஹே என்னும் விளையாட்டுக் கூடத்துக்குப் போனேன். டைட்டோ நிறுவனத்துடையது, அகிஹபாரா பிரதான சாலையிலேயே இருக்கிறது. பழைய விண்கலச் சண்டை விளையாட்டுகளை இன்னும் விடாமல் ஓட்டுகிற இடம். அலுவலகப் பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்து, நடுவயதுக்காரர்கள் பேச்சில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். 100 யென் நாணயம் விழும் சத்தம் தவிர மனிதர் எழுப்பும் ஒலி குறைவு. காவல்துறைக் கணக்குப்படி 1986இல் ஜப்பானில் 26 ஆயிரத்துக்கும் அதிகமான விளையாட்டுக் கூடங்கள் இருந்தன. 2019இல் 4 ஆயிரம் சொச்சம். மூடிய ஒவ்வொரு கூடத்திலிருந்தும் போர்டுகள் எங்கோ போயிருக்கும். சில கண்ணாடி அலமாரிக்கு. பல தரையிலிருக்கும் அட்டைப்பெட்டிக்கு.

அறைக்குத் திரும்பி என் சால்டரிங் அயர்னை எடுத்துச் செருகினேன். ஊரிலிருந்து கொண்டுவந்தது, மதுரையில் மாமாவின் டி.வி. பழுதுக் கடையில் நான் கைபழகிய 25 வாட் அயர்ன். பத்து நிமிடமாகியும் ஈயம் இளகவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த கம்பிச் சுருளில் 100 வோல்ட் கொடுத்தால் சூடு பாதியாகக் குறையும் என்று மனம் சொல்லும். உண்மையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் மின்னழுத்தம் குறைவது வர்க்கமாகக் கணக்கில் ஏறும். 25 வாட் அயர்ன் 5 வாட்டுக்கும் குறைவாகிவிட்டது. மறுநாள் காலை புது அயர்ன் வாங்கியதும் அந்த அம்மாளின் கனெக்டர் கடைக்குப் போனதும் ஒரே நடையில்தான்.

அந்தச் சந்துகள் ஏன் ரயில் பாலத்தின் அடியில் இருக்கின்றன என்பதற்கு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கந்தா பகுதித் தெருக்களில் ரேடியோ உதிரிகள் விற்கும் கள்ளச்சந்தை எழுந்தது. பக்கத்திலிருந்த மின்னியல் கல்லூரி மாணவர்கள் வால்வுகளும் சுருள்களும் வாங்கி ரேடியோ கட்டி விற்றார்கள். 1949இல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தெருக்கடைகளை அகற்ற உத்தரவிட்டபோது, வியாபாரிகள் பாலத்தடியில் இடம் பெற்றார்கள். அப்படிக் கிடைத்த கடைகளின் அளவுதான் இன்றைக்கும் இந்த முக்காலி அளவு. அண்டையிலேயே இருந்த ரேடியோ ஸ்டோர் என்ற கட்டடம் 2013இல் மூடிவிட்டது. ரேடியோ சென்டர் இருக்கிறது. நான் போன காலையில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. நேரம் ஆகவில்லையா, ஆளே இல்லையா என்று கேட்க மனம் வரவில்லை.

ஓயாய்டே கடையில் கம்பி வாங்கினேன். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். மின்சாரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர், சிவப்பும் கறுப்பும். மற்றவற்றுக்கு மெல்லியது, எட்டு நிறங்களில்.

*

கெய்ஹின் தோஹொகு ரயிலில் தெற்கே போனால் கமாட்டா. தோக்கியோவின் ஓட்டா வட்டாரம். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு லேத்துப் பட்டறைகளுக்குப் பேர்போன பகுதி. நாம்கோ நிறுவனத்தின் தலைமையகம் நெடுங்காலம் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. விளையாட்டுக் கூடங்களுக்குப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டுக்கு, நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவரை ‘சென்செய்’, ஆசிரியர், என்றே அழைத்தேன். வேண்டாம் என்று கையசைத்தார், நான் விடவில்லை.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. சுவரில் ஆணி வரிசை. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கம்பிக்கட்டு, ஒவ்வொரு கட்டிலும் நூல் கோத்த அட்டை. எண்ணிப் பார்க்கவில்லை, நூற்றுக்கும் குறையாது. ஓர் ஊரின் எல்லா வீட்டுச் சாவிகளையும் ஒருவரே மாட்டி வைத்தது போல இருந்தது.

கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கைப்பேசி, மீதி பென்சில் படம் என்று பேசிக்கொண்டோம். 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்து, காபிக் கடைகளின் மேசைகள் எல்லாம் திரை பதித்த மேசைகளாக மாறிய காலத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தவர். கடை மூடிய பிறகு இரவில்தான் அவர் வேலை தொடங்கும். பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க, மேசைக்குள்ளிருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு விரலுக்கு மாற்றிப் பற்ற வைக்க வேண்டும். விடிவதற்குள் முடிய வேண்டும். “ஜாம்மா வந்தபோது முதல் தடவையாக இரவு தூங்கினேன்,” என்றார்.

எதிர்மறை 5 வோல்ட்டைப் பற்றி அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இருந்த 8080 பிராசசருக்கு +5, +12, -5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். அந்தக் காலத்து 4116 நினைவகச் சில்லுக்கும் அப்படியே. அதிலும் -5 முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். -5 இல்லாமல் 12 மட்டும் ஏறினால் சில்லு வெந்துவிடும். ஆகவே அடாப்டரில் அந்த ஒரு கம்பி விட்டுப்போனால், நல்ல போர்டைச் சோதித்துப் பார்த்தே கொன்றுவிடலாம். என் போர்டைப் புரட்டிப் பார்த்து, இதில் அந்தச் சில்லுகள் இல்லை, பயப்படாதே என்றார்.

பிறகு போர்டின் நடுவிலிருந்த வெள்ளிநிறப் படிகத்தைக் காட்டினார். 18.432 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் இஸட் 80 பிராசசர். நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. அசலில் நாம்கோவின் தனிச் சில்லுகள் இருக்க வேண்டிய இடத்தில், கடையில் கிடைக்கும் சாதாரண ஐ.சி.க்களைக் கொத்தாக வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். “நகல்,” என்றார். எந்த விளையாட்டின் நகல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை எனக்குச் சொல்லவில்லை. மல்டிமீட்டரை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார்.

*

முதலில் கிரவுண்டைக் கண்டுபிடி என்பது மாமாவின் முதல் பாடம். 14 கால் கொண்ட சாதாரண லாஜிக் ஐ.சி.யில் 7ஆம் கால் கிரவுண்ட், 14ஆம் கால் 5 வோல்ட். 16 கால் என்றால் 8, 16. மீட்டரின் ஒரு முனையை 7ஆம் காலில் வைத்து மறுமுனையால் விரல்களை வருடிக்கொண்டே போனேன். பீப் என்று கத்திய விரல்கள் கிரவுண்ட். அதேபோல் 5 வோல்ட். இரண்டும் மற்ற விரல்களைவிட அகலமான செம்புப் பாதையில் போயின; நிறைய மின்னோட்டம் போகும் வழி அகலமாகத்தானே இருக்கும். ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.யின் மின்வழங்கல் காலிலிருந்து பின்னே வந்தால் 12 வோல்ட். அதன் வெளியீட்டுக் காலிலிருந்து, பெரிய கண்டென்சர் வழியாக வந்தால் ஸ்பீக்கர் விரல். சில போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே ஆம்ப்ளிஃபயர் ஓட்டும். அங்கே ஒன்றைக் கிரவுண்டில் சேர்த்தால் ஐ.சி. போய்விடும். இதில் ஒரு முனைதான். மீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

கைப்பிடிகளும் நாணயமும் வரும் விரல்கள் ஒரே மாதிரியான மின்தடைகளின் வரிசையில் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு தடையின் மறுமுனையும் 5 வோல்ட்டில். அதாவது, சும்மா இருக்கும்போது அந்த விரலில் 5 வோல்ட் நிற்கும்; சுவிட்ச் அழுந்தினால் கிரவுண்டுக்கு இறங்கும். எது மேல், எது கீழ், எது நாணயம் என்று மீட்டர் சொல்லாது. ஓடவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

நிறத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிஞ்சியிருந்த மூன்று விரல்கள், ஒரு சிறு ஐ.சி.யைச் சுற்றியிருந்த மின்தடைகளுக்குப் போயின. அது நிறப் பட்டியல் எழுதிய சில்லு. 32 நிறங்கள், ஒவ்வொன்றும் 8 பிட். ஒரு விரலில் 220, 470, 1000 ஓம் என மூன்று தடைகள் சேர்ந்தன. இன்னொன்றிலும் அதே மூன்று. மூன்றாவதில் 220, 470 இரண்டு மட்டும். எட்டுப் பிட்டை மூன்று நிறத்துக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. மூன்று, மூன்று, இரண்டு என்றுதான் வரும். குறைவைத் தாங்கப் போகும் நிறம் எது? மனிதக் கண் நீலத்தில்தான் நுணுக்கம் பார்ப்பதில்லை. ஆக, இரண்டு தடை உள்ள விரல் நீலம். 1980 வாக்கில் யாரோ ஒருவர் கண்ணைப் பற்றி எடுத்த முடிவு, காகிதம் எதுவும் இல்லாமல், இரண்டு தடைகளின் வடிவில் என் மீட்டரின் முனையில் இருந்தது. தேநீரோடு வந்த பெரியவரிடம் “நீலம்” என்று தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன்.

சிவப்பும் பச்சையும்? இரண்டிலும் அதே மூன்று தடைகள். அதற்கு விடை போர்டின் இந்த ஓரத்தில் இல்லை. ஊகித்துக் கட்டினேன்.

கடைசியாக ஒத்திசைவு விரல். அது நிறத் தடைகளுக்குப் போவதில்லை, உள்ளீட்டுக்கும் போவதில்லை, தனியே நின்றது. 18.432ஐ மூன்றால் வகுத்தால் 6.144 மெகாஹெர்ட்ஸ், புள்ளிகளின் வேகம். ஒரு வரிக்கு 384 புள்ளி என்றால் நொடிக்கு 16,000 வரி. 264 வரிக்கு ஒரு படம் என்றால் நொடிக்கு 60.6 படம். பழைய திரைகள் 15 கிலோஹெர்ட்ஸ் வரிசையில் இதைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளும். இன்றைய கணினித் திரை பெரும்பாலும் பிடிக்காது. பெரியவரிடம் கண்ணாடிக் குழாய்த் திரை இருந்தது.

கம்பிகளைப் பற்ற வைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு மூட்டுக்கும் வெப்பத்தில் சுருங்கும் குழாய். முடிந்ததும் போர்டை மாட்டாமல், 36 முனையிலிருந்து 56 முனைக்கு ஒவ்வொன்றாகப் பீப் பார்த்தோம். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை. மாட்டினோம். சுவிட்சைப் போட்டார்.

திரையில் எழுத்துகளும் துண்டு நிறங்களும் தாறுமாறாக நிறைந்தன. ஒரு கணம் கழித்து மாறி, வேறு தாறுமாறு. மறுபடி. மறுபடி. போர்டில் ஒரு காவல் சுற்று உண்டு. நிரல் குறித்த நேரத்துக்குள் அதைத் தட்டாவிட்டால், அது பிராசசரை முதலிலிருந்து தொடங்க வைக்கும். நிரல் தொடங்குகிறது, தடுமாறுகிறது, காவல் சுற்று உதைக்கிறது. போர்டு செத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ‘ஜங்க்கு’ என்று பெட்டியில் எழுதியது சரிதானோ என்றும்.

பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை. மீட்டரை எடுத்து, போர்டின் தூர மூலையிலிருந்த ஐ.சி.யின் கால்களில் வைத்தார். 4.68 வோல்ட். மின்வழங்கியில் 5.02 காட்டியது. இந்த வகை ஐ.சி.க்களுக்கு 4.75க்குக் கீழே போகக் கூடாது. போர்டு இழுத்தது 2.4 ஆம்பியர், அந்த மின்னோட்டத்தில் வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.24 வோல்ட் தொலைந்துவிடும். தவறு என்னுடையது. 5 வோல்ட்டுக்கு இரண்டு விரல்கள் இருந்தும் ஒன்றில் மட்டும் கம்பி வைத்திருந்தேன். விரல்களையும் துடைக்கவில்லை, நாற்பது வருட அழுக்கு அப்படியே இருந்தது.

போர்டைக் கழற்றி, வெள்ளை ரப்பரால் விரல்களை மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்தேன். துணி கறுத்தது. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இரண்டு இரண்டு கம்பிகள். மறுபடி மாட்டி, முதலில் மீட்டரைப் பார்த்தோம்: 4.93.

தாறுமாறு ஒரு முறை வந்தது. அடுத்து, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடுகள். அப்புறம் கறுப்பு. பிறகு, படுத்த வாக்கில், எழுத்துகள் தோன்றின. இது நிமிர்ந்த திரைக்கான விளையாட்டு. கழுத்தை வலப்பக்கம் சாய்த்துப் படித்தேன். பக் மேன். 1980 மே 22இல் ஷிபுயாவில் மக்கள் முன் முதலில் வைத்துப் பார்த்தார்களே, தோரு இவதானியின் பேக் மேன், அதன் ஜப்பானியப் பெயர்.

மஞ்சள் உருண்டை மஞ்சளாகவே இருந்தது. சுவர்கள் நீலமாகவே இருந்தன. நான் ஊகித்தது சரி என்று நினைத்த நேரத்தில் முதல் பேய் வந்தது. அதன் பெயர் திரையில் அகாபெய். ‘அகா’ என்றால் சிவப்பு. வந்தது பச்சைப் பேய்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். சிவப்பும் பச்சையும் சமமாகக் கலந்தால் மஞ்சள். இரண்டையும் இடம் மாற்றிக் கட்டினாலும் மஞ்சள் மஞ்சள்தான். நீலத்துக்கு இவற்றோடு சம்பந்தமில்லை. ஆகவே இந்த விளையாட்டில் நாயகனும் சுவரும் தவற்றைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், பேய்தான் சொல்லும். இரண்டு கம்பிகளை மாற்றினேன். அகாபெய் சிவந்தது.

உள்ளீடுகளை ஒரு கம்பித் துண்டால் கிரவுண்டில் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தோம். ஒன்றைத் தொட்டதும் நாணயம் விழுந்த ஒலி வந்தது. அந்தச் சிறு ஒலியைப் பட்டறையின் ஸ்பீக்கரில் கேட்டபோது, மேசைகளுக்குக் கீழே குனிந்து கழிந்த தன் இரவுகள் முழுக்க நினைவு வந்ததாகப் பெரியவர் சொன்னார்.

அட்டையில் அவரே எழுதினார். 36 இடம், 36 குறிப்பு, பொடி எழுத்தில். நூல் கோத்து ஹார்னஸில் கட்டினார். படியெடுத்து எனக்கொன்று கொடுத்துவிட்டு, மூலத்தைச் சுவரில் வெறுமையாக இருந்த ஓர் ஆணியில் மாட்டினார். அந்த அடாப்டரை நான் ஊருக்குக் கொண்டுவரவில்லை. இன்னொன்று நானே கட்டிக்கொள்ள முடியும். இதே நகலோடு அவரிடம் வேறு யாராவது வந்தால் இது வேண்டும்.

போர்டை உறையில் போடும்போது அந்த வெள்ளைச் சீட்டைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். அப்படியே நிறுத்தி, “இரண்டாவது ஆட்டக்காரர்?” என்றார். சோதிக்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மேசையில் இரண்டாம் ஆளின் முறை வரும்போதுதான் அந்தக் கைப்பிடி வேலை செய்யும். படமும் தலைகீழாகத் திரும்பும். அதைப் பார்க்காமல் எதையும் உறுதி என்று சொல்லக் கூடாது என்பது அவர் கணக்கு.

போர்டை மறுபடி மாட்டினோம். சிறு சுவிட்சை மேசை நிலைக்குத் தள்ளினார். இரண்டு நாணயம், இரண்டு ஆட்டக்காரர். அவர் முதலில் ஆடினார். எளிதில் சாகவில்லை, நான் வெகுநேரம் காத்திருந்தேன். ஒருவழியாகப் பேயிடம் மாட்டிக்கொண்டதும் படம் புரண்டது. என் கைப்பிடி மேலே போயிற்று, கீழே, இடது, வலது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சீட்டை எடுத்தார். ஐந்து எழுத்துகளில் நடுவில் இருந்த ஒன்றை மட்டும், ‘மி’ என்பதை, ஒரு கோடு போட்டு அடித்தார். மீதியைப் படித்துக் காட்டினார்: தோசா காகுனின். இயங்குகிறது என உறுதி செய்யப்பட்டது.